ஜப்பான் ஸ்கூலுக்கு போனில் லீவு சொல்லும் வசனம்: சரிபார்க்க உதவி தேவை

புதிதாக வரும் பெற்றோருக்காக ஒரு துண்டுச்சீட்டு தயாராகிறது. ஜப்பானியம் நன்கு தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

எடுத்ததும்: "ஒஹாயோ கொசாய்மாஸ். நி-நென் இச்சி-குமி நோ (பிள்ளை பெயர்) நோ ஹஹா தெஸ். ஒசெவா நி நாத்தெ ஒரிமாஸ்." (காலை வணக்கம். இரண்டாம் வகுப்பு, முதல் பிரிவில் படிக்கும் ...-இன் அம்மா பேசுகிறேன். உங்கள் கவனிப்புக்கு நன்றி.) அப்பா பேசினால் ஹஹாவுக்குப் பதில் சிச்சி. பலர் சறுக்குவது இங்கேதான்: தன்னையே "ஒகாசான்" (அம்மாவை மரியாதையாகச் சொல்லும் சொல்) என்பதும், சொந்தப் பிள்ளை பெயரோடு "சான்" என்ற மரியாதை ஒட்டைச் சேர்ப்பதும். இரண்டும் கூடாது.

அடுத்து: "கெசா காரா நெட்ஸு கா அரிமாஷ்தெ, ஹோன்ஜிட்ஸு வா யசுமாசெதெ இததகிதாய் நோ தெஸ் கா..." (இன்று காலையிலிருந்து காய்ச்சல், இன்று லீவு எடுக்க விரும்புகிறோம்...) கடைசி "கா"வை லேசாக இழுத்து நிறுத்தினால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். ஆனால் அது ஜப்பானியத்தில் கேள்வியின் முடிவில் வரும் "கா" இல்லை. "தங்கம்" என்பதில் வரும் க ஒலி. தமிழில் இந்த வித்தியாசத்தை எப்படி எழுதிக் காட்டுவது?

வாந்திக்கு "ஹைதெ ஷிமாய்மாஷ்தெ" (வாந்தி எடுத்துவிட்டதால்) என்று போட்டிருக்கிறேன். போதுமான மரியாதையா, அல்லது வாந்திக்கான மருத்துவச் சொல்லான "ஓட்டோ"தான் பொருத்தமா?

இன்ஃப்ளூயன்சா வந்தால் அது ஆப்சென்ட் கணக்கில் வராது, "ஷுஸ்ஸெகி தெய்ஷி" (ஸ்கூலுக்கு வருவதை நிறுத்திவைப்பது). காய்ச்சல் தொடங்கி 5 நாள், விட்டபின் 2 நாள், இரண்டும் முடிய வேண்டும். திரும்பிப் போகும்போது உங்கள் ஸ்கூலில் ஏதாவது படிவம் கேட்கிறார்களா?