கையாவா, பூமித்தாயா, தன்னொழுங்கா? ஒரு கலைச்சொல் விவாதம்

முதல் மடல்

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். "கையா கருதுகோள்" என்ற இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. காற்று, கடல், பாறை, உயிரினங்கள் எல்லாம் பிணைந்து, பூமியின் வெப்பத்தையும் காற்றின் கூட்டையும் உயிர் வாழத் தக்க எல்லைக்குள் வைத்திருக்கின்றன என்பதுதான் அந்தக் கருத்து. இப்போது கைவசம் உள்ள சொற்கள்: பூமித்தாய்க் கருதுகோள், உயிர்க்கோள், தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் புவி, உயிர்மெய்ப் புவி. கடைசிச் சொல் என் தோழி தந்தது. எனக்கு அதன்மேல் ஆசை. படிக்கப்போகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். எதை வைக்கலாம்? சொல்லுங்கள்.

மறுமொழி

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தப் பெயரையே பார்ப்போம். கிரேக்கர்களின் நிலத் தெய்வத்தின் பெயர் அது. லவ்லாக் வைத்ததல்ல. இங்கிலாந்தின் வில்ட்சயரில் பவர்சாக் என்ற சிற்றூரில் அவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்தவர் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். இருவரும் நடந்து போகும்போது லவ்லாக் தம் கருத்தை விளக்க, இவ்வளவு பெரிய எண்ணத்துக்கு நல்ல பெயர் வேண்டும் என்று கோல்டிங் இதைச் சொன்னார். லவ்லாக்கின் காதில் அது முதலில் நீர்ச்சுழலைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லாகவே விழுந்ததாம். பிறந்த அன்றே தவறாகக் கேட்கப்பட்ட பெயர் இது. நாமும் அதில் சளைத்தவர்கள் அல்லர். கையா, காயா, கயா, கேயா என்று நான்கு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். கயா என்றால் நமக்குப் பிண்டம் வைக்கும் ஊர். காயா என்றால் குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வரும் நீலப்பூ. "காயா, பழமா?" என்று வேறு கேட்பார்கள். இந்தக் கருதுகோளைப் பொறுத்தவரை அது பொருத்தமான கேள்விதான். ஒலிக்கு நெருக்கமானது "கையா". அதையே வைத்துக்கொள்ளலாம். விண்மீன்களை அளக்க ஐரோப்பியர்கள் 2013இல் அனுப்பிய விண்கலத்துக்கும் இதே பெயர் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பெயர் பெயராகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்க வேண்டியதில்லை. தமிழாக்க வேண்டியது அந்தப் பெயர் சுட்டும் செயலை. இரண்டையும் ஒரே சொல்லால் செய்ய முயல்வதுதான் உங்கள் பட்டியலின் சிக்கல்.

"பூமித்தாய்" கூடவே கூடாது என்பது என் கருத்து. 1972இல் லவ்லாக் இந்தப் பெயரில் முதலில் எழுதினார். 1974இல் உயிரியலாளர் லின் மார்குலிசும் அவரும் சேர்ந்து விரிவாக எழுதினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர்கள் பட்ட பாட்டில் பாதி அந்தத் தெய்வப் பெயரால் வந்தது. 1981இல் உயிர்வேதியியலாளர் ஃபோர்டு டூலிட்டில் எழுதிய மறுப்புக் கட்டுரையின் தலைப்பே, இயற்கை உண்மையில் தாயைப் போன்றதா என்ற கேள்விதான். மறு ஆண்டு பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்சும் சேர்ந்துகொண்டார். இவர்களுடைய வாதம் எளிது. பாக்டீரியாவும் பாசியும் கூட்டம் போட்டு, அடுத்த லட்சம் ஆண்டுக்கான வெப்பத்தை முடிவு செய்வதில்லை. இயற்கைத் தேர்வு நடக்கப் போட்டியிடும் பல பூமிகளும் இல்லை. அப்படியிருக்க, ஒரு கோள் முழுவதும் தன் நலத்துக்காக இயங்கும் பண்பு எப்படித் தோன்றும்? நியாயமான கேள்வி. தாய் என்று நாம் எழுதினால் அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறோம். தாயிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

இப்போது உங்கள் மூன்றாவது சொல்லுக்கு வருகிறேன். மனம் நின்றது அங்கேதான். "தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்" என்பது பாடநூல்களிலும் வந்துவிட்ட தொடர். நீளம் ஒரு குறை, அதைப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்த "படுத்து". தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு கூர்மையானது: அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து, ஒழுங்குபடு, ஒழுங்குபடுத்து. "படுத்து" என்று எழுதியதும், படுத்துகிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். டூலிட்டில் கேட்டதும் அவரைப் பற்றித்தான்: யாரையா அவர், எங்கே இருக்கிறார்?

லவ்லாக்கும் ஆண்ட்ரூ வாட்சனும் 1983இல் கொடுத்த விடை, அப்படி ஒருவர் தேவையில்லை என்பது. ஒரு கற்பனைக் கோளைக் கணக்கில் படைத்தார்கள். அதில் இரண்டே வகை டெய்சிப் பூக்கள்: கறுப்பு, வெள்ளை. கறுப்பு வெயிலை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். இரண்டும் நன்றாக வளர ஏற்ற வெப்பம் ஒன்றே. அந்தக் கோளின் சூரியன் மெல்ல மெல்லச் சூடேறுகிறது. குளிர்ந்த தொடக்கத்தில் தன்னைச் சுற்றிச் சூடாக்கிக்கொள்ளும் கறுப்புப் பூவுக்குக் கொண்டாட்டம். அது பரவப் பரவக் கோளே வெதுவெதுப்பாகிறது. சூரியன் மேலும் காயும்போது கறுப்புக்குத் தாங்கவில்லை, வெள்ளை பரவுகிறது, கோள் குளிர்கிறது. இப்படிச் சூரியன் எவ்வளவோ மாறியும் தரையின் வெப்பம் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. எந்தப் பூவுக்கும் கோளைப் பற்றிக் கவலை இல்லை. தன்னால் முடிந்த இடத்தில் வளர்ந்தது, முடியாத இடத்தில் செத்தது, அவ்வளவுதான். கடைசியில் சூரியன் எல்லை மீறும்போது எல்லாப் பூவும் ஒன்றாக மடிகின்றன, வெப்பம் தாறுமாறாக ஏறுகிறது. இஸ்திரிப்பெட்டியில் சூடு ஏறியதும் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறதே, அந்தத் தகட்டுக்கு உங்கள் சேலையின்மேல் அக்கறை உண்டா?

ஆகவே நமக்கு வேண்டியது தன்வினைச் சொல். நான் முன்வைப்பது: தன்னொழுங்கு. கருத்தைக் குறிக்கும்போது புவித் தன்னொழுங்குக் கருதுகோள். வரலாற்றைச் சொல்லும் இடத்தில் கையா கருதுகோள். "தன்னொழுங்கு உடைய புவி" என்றால் ஆள் யாரும் வந்து உட்காரவில்லை. ஒழுங்கு என்ற சொல் ஒழுகு என்பதோடு உறவுடையது. ஓட்டம் அதற்குள் இருக்கிறது. கல்லாகக் கிடப்பதல்ல, ஓடிக்கொண்டே வரிசை மாறாமல் இருப்பது. "தன்னொழுக்கம்" என்று யாராவது பரிந்துரைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பூமிக்கு நாம் நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

உயிர்க்கோள் வேண்டாம். 1875இல் புவியியலாளர் எடுவார்ட் சூஸ் படைத்து, 1926இல் ரஷ்யப் புவிவேதியியலாளர் வெர்னாட்ஸ்கி நூலாகவே எழுதி நிலைநிறுத்திய கருத்துக்கு உயிர்க்கோளம் என்ற சொல் நம்மிடம் ஊன்றிவிட்டது. கடைசியில் வரும் ஓர் "அம்"மை மட்டும் நம்பி இரண்டு கருத்துகளைப் பிரித்து வைத்தால் அச்சுக்கோப்பவர் இரண்டையும் சேர்த்துவிடுவார்.

உங்கள் தோழியின் உயிர்மெய்ப் புவி அழகானது. உயிரும் மெய்யும் சேர்ந்து, பிரித்து எழுத முடியாத ஒரே எழுத்தாவது போல, உயிரினமும் பாறையும் சேர்ந்து ஒன்றையொன்று மாற்றிய புவி. கட்டுரைத் தலைப்பாகவே வைத்துவிடுங்கள். ஆனால் கலைச்சொல்லாக அது சேர்க்கையை மட்டும்தான் சொல்கிறது, கட்டுக்குள் நிற்பதைச் சொல்லவில்லை. "நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்" என்ற தொல்காப்பிய அடியை எடுத்துக்கொண்டு யாரோ வரப்போகிறார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் இதே பதில். கலந்தது என்பது வேறு, கலந்தபின் வெப்பம் எல்லைக்குள் நின்றது என்பது வேறு. இரண்டாவதைத் தொல்காப்பியர் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரு வேண்டுகோள்: செவ்வாயிலிருந்து தொடங்குங்கள். 1960களில் நாசாவுக்காகப் பாசடேனாவில் வேலை செய்தபோது, செவ்வாயில் உயிர் உண்டா என்று பார்க்க அங்கே போகவே வேண்டாம், அதன் காற்றைப் பார்த்தால் போதும் என்றார் லவ்லாக். செவ்வாயிலும் வெள்ளியிலும் காற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு. எரிய வேண்டியதெல்லாம் எரிந்து அடங்கிவிட்ட காற்று. பூமியிலோ 21 விழுக்காடு ஆக்சிஜன். அதோடு சேர்ந்தால் அழிந்துபோக வேண்டிய மீத்தேனும் பக்கத்திலேயே, பத்து லட்சத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் தீர வேண்டிய சரக்கு தீரவில்லை என்றால் யாரோ நாள்தோறும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? பிள்ளைகள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள்.

மறுமொழி

வணக்கம் ஐயா,

இலங்கையில் உயிரியல் கற்பிக்கிறேன். தாய் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். தன்னொழுங்கில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, தன்னொழுங்கு என்றதும் பனித்துகள் தானாகவே ஆறு மூலை கொள்வது போன்றவைதான் மாணவர் நினைவுக்கு வரும். அங்கே ஒழுங்கு தோன்றுகிறது, ஆனால் குலைக்க வந்ததை எதிர்த்து நிற்பதில்லை. உடலின் வெப்பமும் குருதியின் சர்க்கரையும் அளவுக்குள் நிற்பதற்கு 1920களில் உடலியலாளர் வால்ட்டர் கேனன் வைத்த பெயரைத்தான் லவ்லாக்கும் மார்குலிசும் தங்கள் 1974ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் எடுத்தாண்டார்கள். அதை நாங்கள் ஒருசீர்த்திடநிலை என்கிறோம். அதையே புவிக்கும் நீட்டினால் என்ன?

இரண்டாவது, இந்தக் கருதுகோள் ஒன்றல்ல, பல. ஜேம்ஸ் கிர்ச்னர் 1988இல் கலிபோர்னிய மாநாட்டில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். உயிரினம் சூழலை மாற்றுகிறது என்பது மெலிந்த வடிவம், அதை யாரும் மறுக்கவில்லை. உயிர் தன் வசதிக்காகவே சூழலை அமைத்துக்கொள்கிறது என்பது வலிய வடிவம், அதைச் சோதிக்கவே முடியாது. நடுவில் உள்ளதுதான் உங்கள் தன்னொழுங்கு. அதுவும் நிறுவப்பட்டதா? கடல் மிதவையுயிரிகள் விடும் கந்தக வாயு முகில்களைப் பெருக்கிப் புவியைக் குளிர்விக்கிறது என்று 1987இல் நேச்சர் அறிவியல் இதழில் நால்வர் எழுதினார்கள். 2011இல் அதே இதழில் வந்த ஆய்வுரை, அதற்குச் சான்று போதாது என்று முடித்தது. புவியின் வெப்பத்தை மிக நீண்ட கால அளவில் பிடித்து வைத்திருப்பதில் மழைநீர் பாறையை அரித்துக் கரியமில வாயுவைக் கட்டிப்போடும் வேதி வினைக்கு முதன்மையான பங்கு உண்டு. உயிரே இல்லாவிட்டாலும் அது நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாற்றத்தின் விளைவே திரும்பி வந்து அந்த மாற்றத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் தமிழ்நாட்டு நூல்களில் நேர்மறைப் பின்னூட்டம், எதிர்மறைப் பின்னூட்டம் என்று எழுதுகிறார்கள். ஆர்க்டிக்கில் பனி உருகினால் அடியிலுள்ள கருநிறக் கடல்நீர் வெளிப்பட்டு வெயிலை விழுங்குகிறது, அதனால் மேலும் பனி உருகுகிறது. இதற்கு "நேர்மறை" என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் நல்ல செய்தி என்றல்லவா எண்ணுவார்கள்?

மறுமொழி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடைசியில் சொன்னதற்காகவே உங்களுக்கு ஒரு பொன்னாடை. பெருக்குப் பின்னூட்டம், தணிப்புப் பின்னூட்டம் என்று வைப்போம். டெய்சிக் கோளில் நடப்பது தணிப்பு, பனிக்கடலில் நடப்பது பெருக்கு. (பின்னூட்டம் என்றால் வலைப்பதிவுக்குக் கீழே திட்டுவது என்று நினைக்கும் தலைமுறைக்கு இது உதவும்.)

ஒருசீர்த்திடநிலை உடலுக்குப் பொருந்தலாம், புவிக்குப் பொருந்தாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சை நுண்ணுயிரிகள் வெளிவிட்ட ஆக்சிஜன் காற்றில் தேங்கத் தொடங்கியது. அன்றைய உயிர்களில் பலவற்றுக்கு அது நஞ்சு. ஒரு சீர் போய் வேறொரு சீர் வந்தது. பிற்காலத்தில் புவி ஏறக்குறைய முழுவதும் பனியால் மூடிய காலங்களும் உண்டு. 460 கோடி ஆண்டுகளில் சூரியனின் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியும் கடல் முற்றாகக் கொதித்துப் போகவில்லை, நிலையாக உறைந்துபோகவும் இல்லை என்பதுதான் வியப்பு. ஒரே எண்ணில் நின்றது என்பதல்ல. திடமும் இல்லை, ஒரு சீரும் இல்லை. தவிர, தமிழ்நாட்டு மாணவருக்குத் திடநிலை என்றால் திண்மம்.

தன்னொழுங்கைப் பனித்துகளோடு குழப்புவார்கள் என்ற உங்கள் அச்சம் உண்மையானது. பனித்துகளுக்குத் தன்னமைவு என்று பெயர் கொடுத்துப் பிரித்துவிடலாம். அமைவது தோன்றும்போது முடிகிறது, ஒழுங்கு தொடர்ந்து நடக்கிறது. சொல்லகராதியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் போதும்.

நிறுவப்பட்டதா என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் கருதுகோள் என்ற ஒட்டை விடாமல் பிடித்திருக்கிறேன். பாறை அரிப்பு உயிரின்றியும் நடக்கும், ஆனால் வேரும் மண் நுண்ணுயிரும் அதை வேகப்படுத்துகின்றன. எவ்வளவு என்பதில்தான் சண்டை. 2001இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அறிவியலாளர்கள் வெளியிட்ட அறிக்கையின் முதல் முடிவு, புவி ஒரே தன்னொழுங்குத் தொகுதியாக நடந்துகொள்கிறது என்ற பொருளில் இருக்கிறது. கையா என்ற பெயரை அவர்கள் தொடவில்லை. பெயரைக் கழற்றி வைத்துவிட்டுச் செயலை ஏற்றுக்கொண்டார்கள்.

"தொகுதி" என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? உங்கள் ஊர்ச் சொல். எங்களுக்குத் தொகுதி என்றால் சட்டமன்றம், மண்டலம் என்றால் மாநகராட்சி அல்லது சபரிமலை விரதம், அமைப்பு என்றால் நன்கொடைச் சீட்டு. புவித் தொகுதிக்கு உறுப்பினர் யார் என்று கேட்பார்கள்தான். கேட்கட்டும். மூன்றில் தொகுதிதான் சேர்ந்து இயங்குவதைச் சொல்கிறது.

கட்டுரை எழுதும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. டெய்சிக் கோளை "பூவுலகு" என்று தமிழாக்கலாம் என்று எனக்குத் தனிமடல் வந்திருக்கிறது. படித்ததும் சிரித்தேன், பொருத்தம் அப்படி. ஆனால் பூவுலகு என்றால் நாம் வாழும் இந்தப் பூமி. லவ்லாக் படைத்ததோ, பூமியின் சிக்கலையெல்லாம் துடைத்துவிட்ட ஒரு பொம்மைக் கோள். டெய்சிக் கோள் என்றே விடுங்கள். அந்தப் பூ நம் ஊரில் எல்லா இடத்திலும் இல்லையென்றால் ஓரத்தில் ஒரு படம் போடச் சொல்லுங்கள், கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.