கொய்கொய்கோவாப்: சொடுக்குக் குறிக்குப் பின் எழுதும் ‘க’ ஏன் காதில் விழுவதில்லை?

வேர்ச்சொல் கேட்டது:

நமீபியாவின் கொய்கொய்கோவாப் (நமா/டமரா) மொழிச் சொற்களை ஒலிப்பதிவோடு வைத்துப் பழகும்போது மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, இரண்டு என்ற எண்ணுக்கு |கம் என்றும் தண்ணீருக்கு ||கம் என்றும் எழுதியிருக்கிறது. பதிவில் ‘க’வே இல்லை, சொடுக்கு (நாக்கை ஒட்டிப் பிரித்து எழுப்பும் ஒலி) முடிந்த கையோடு ‘அம்’ வந்துவிடுகிறது. இரண்டு, குறிகள் நான்குதான் (|, ||, !, ≠), ஆனால் சொடுக்கொலிகள் இருபது என்கிறார்கள். எப்படி? மூன்று, ! எது ≠ எது என்று காது பிரிக்க மறுக்கிறது. சில பதிவுகளில் நமா என்றும் சிலவற்றில் டமரா என்றும் இருக்கிறது. குழப்பத்துக்கு அதுதான் காரணமா?

நாநுனி:

முதல் இரண்டும் ஒரே கேள்விதான். குறி காட்டுவது நாக்கு எங்கே ஒட்டிப் பிரிகிறது என்பதை மட்டும். அப்போது தொண்டையும் மூக்கும் என்ன செய்கின்றன என்பதை அடுத்த எழுத்து சொல்லும். ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து வகை, நாலைந்து இருபது.

அந்தக் ‘க’ தனி ஒலியே இல்லை. ‘கூடுதலாக எதுவும் இல்லை, நேராக உயிருக்குப் போ’ என்பதற்கான அடையாளம். ஆகவே |கம் என்பதை |அம் என்றே சொல்ல வேண்டும். தமிழ் வாய் இங்கே ஒரு க்-ஐச் சேர்த்துவிடும், அதுதான் முதல் பிழை. இரண்டாவது பிழை இதற்கு நேர் எதிர். குறிக்குப் பின் மெய்யெழுத்தே இல்லாவிட்டால் வெறும் சொடுக்கு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அங்கேதான் குரல்வளை அடைபடுகிறது. சொடுக்கு, ஒரு நொடிக்கும் குறைவான மௌனம், பிறகு உயிர். ‘க’ இருந்தால் ஒன்றும் இல்லை, எந்த மெய்யும் இல்லாவிட்டால் ஒன்று உண்டு. இந்த ஒரு விதி மனத்தில் பதிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

விண்ட்ஹூக் நகரின் கொய்கொய் பெயரில் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்: |ஆய்||கம்ஸ். நெருப்பு, தண்ணீர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அங்கிருந்த வெந்நீர் ஊற்றால் வந்த பெயர். முதல் சொடுக்குக்குப் பின் தொண்டை அடைத்துத் திறந்து ‘ஆய்’. இரண்டாவதற்குப் பின் அடைப்பே இல்லாமல் ‘அம்ஸ்’.

மீதி மூன்று: ‘ந’ வந்தால் சொடுக்கு முழுக்க மூக்கில் முனகல் ஓடும் (!நொனா, மூன்று; !நானி, ஆறு). ‘ஹ’ வந்தால் சொடுக்கு முடிந்து மெதுவாக மூச்சு கிளம்பும். ‘க்ஹ’ வந்தால் தொண்டையில் கரகரப்போடு மூச்சு சீறும் (||க்ஹைசா, எட்டு). தமிழில் மூச்சொலி வேறுபாடு இல்லாததால் கடைசி இரண்டையும் ஒன்றாகவே கேட்போம். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துப் பாருங்கள், ‘க்ஹ’வில் காற்று உடனே அடிக்கும்.

இன்னொரு பொறி: குரல்வளை அடைப்புள்ளதும் ‘ஹ’ உள்ளதும் வாக்கிய நடுவில், முந்தைய சொல் உயிரில் முடிந்த இடத்தில் வந்தால், சொடுக்குக்கு முன்னால் மூக்கில் காற்று கசியும். அதைக் கேட்டு ‘ந’ என்று குறித்துவிடாதீர்கள். சொடுக்குக்குப் *பின்னால்* என்ன நடக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேலண்ணம்:

! / ≠ பற்றி. இரண்டுமே பட்டென்று வெட்டும் ஒலிகள். | உம் || உம் இழுபடும், சரசரப்பு இருக்கும். முதலில் இந்த இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பிறகு எளிது.

| நமக்குத் தெரிந்ததே. பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டும்போது வருவது. || வண்டிமாட்டை முடுக்கக் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி. நுனி மேலேயே ஒட்டியிருக்கும், கடைவாய்ப் பக்கம் ஓரம் மட்டும் விடுபடும். !-க்கு நுனியைப் பல்லீறுக்குச் சற்றுப் பின்னால் வைத்து நேராகக் கீழே இழுக்க வேண்டும். வாய்க்குள் குழி பெரிதாவதால் புட்டித் தக்கை கழன்றது போல் கனத்த ஒலி. ≠-க்கு நாக்கின் தட்டையான பகுதி முழுவதும் மேலண்ணத்தில் படிய வேண்டும். குழி சிறியது, ஆகவே ஒலி கூர்மையாக, உயரத்தில் இருக்கும். பெரும்பாலோர் செய்யும் பிழை, நுனியை மட்டும் ஒட்டி ≠ சொல்ல முயல்வது, அது !-ஆகத்தான் வரும்.

நமீபியாவின் லூடரிட்ஸ் தொகுதிக்கு 2013-இல் வைத்த பெயர் !நமி≠நூஸ். இரண்டும் ‘ந’ வகை, இடம் மட்டும் மாறுகிறது. ஒப்பிட இதைவிட நல்ல சொல் கிடைக்காது. கீட்மன்ஸ்ஹூப் ஊரின் பெயர் ≠நூ≠கோவைஸ் (கருஞ்சேறு) ≠-ஐ இரண்டு முறை தரும். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழிப் பதிவை வைத்து ≠ பழகாதீர்கள், அந்த மொழியில் இந்த இடமே கிடையாது.

அலைநிரல் படத்தில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) பார்த்தால் !-இன் கருமை கீழே, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்குள் திரளும். ≠-க்கு மேலே ஏறும். ஆனால் கைபேசியின் இரைச்சல் நீக்கியை அணைத்துப் பதிந்திருக்க வேண்டும். அது சொடுக்கை இரைச்சலென்று நினைத்து மழுக்கிவிடும். மைக் ஒரு சாண் தள்ளி, ஒலியளவு குறைத்து.

தென்திசை:

நமா, டமரா என்ற பெயர் வேறுபாடு காரணமில்லை. வெவ்வேறு மக்கள், ஒரே மொழி; இருபது சொடுக்கும் இரண்டிலும் அதேதான். வேறுபாடு சொற்களிலும் சுரத்திலும் (குரலின் ஏற்ற இறக்கம்). வடக்கே ஈட்டோஷா தேசியப் பூங்காவைச் சுற்றி ஹாய்||ஓம் பேச்சு, அதையும் தாண்டி ≠ஆக்ஹொய். தெற்கு நமாவிலிருந்து மிகவும் விலகியது இதுதான். தனி மொழி என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பதிவுகளை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள்.

சுரம் எழுத்தில் வராது என்பதையும் மறக்க வேண்டாம். சொல் முதலில் த/ட, ப, க ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு உரோமன் எழுத்து இருப்பது வல்லொலி மெல்லொலிக்காக அல்ல, மேல்சுரம் கீழ்ச்சுரம் காட்டத்தான். சொடுக்கோடு தொடங்கும் சொல்லில் அந்த உதவியும் இல்லை, ஆகவே சுரம் குறித்த அகராதி கட்டாயம்.

கடைசியாகத் தட்டச்சு. இங்கே எல்லாரும் விசைப்பலகையில் உள்ள கோட்டையும் ஆச்சரியக்குறியையும் சமமின்மைக் குறியையும் போட்டிருக்கிறோம், உரையாடலுக்குப் போதும். சொற்பட்டியலில் அப்படிச் செய்யாதீர்கள். மென்பொருள் அவற்றை நிறுத்தற்குறியாகக் கருதிச் சொல்லை உடைக்கும், தேடலில் சிக்காது. யூனிகோடில் நான்குக்கும் தனி எழுத்துகள் அடுத்தடுத்து உள்ளன, அவற்றையே இடுங்கள்.

வேர்ச்சொல்:

!நமி≠நூஸ் கேட்டதும் பிரிந்துவிட்டது. முதலாவது கனமாக விழுகிறது, அடுத்தது கீறுகிறது. பட்டியலில் மெய்யெழுத்து இல்லாமல் குறி மட்டும் உள்ள சொற்களை எல்லாம் இப்போது மறுபடி கேட்க வேண்டும்.