ஒரே வேகத்துல நடந்தும் மைனிக்கு பிரஷர் ஏன் கூடுதலா ஏறுது?

வண்ணாரப்பேட்டைவாசி:
அண்ணனுக்கு வயசு 54, மைனிக்கு 51. மைனிக்கு மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம். ரெண்டு பேருமே மாத்திரை எடுக்கல. ஓய்வா உக்காந்து பாத்தா 126/80 பக்கம்தான். பாளை வ.உ.சி. மைதானத்துல காலையில 40 நிமிஷம் சேர்ந்து வேகநடை. நின்ன உடனே பாத்தா அண்ணனுக்கு 164/78, மைனிக்கு 178/84. அரை மணி கழிச்சு ரெண்டு பேருக்கும் 118 பக்கம் இறங்கிருது. இது சரியா? மைனி நடையையே விட்டுரலாமான்னு கேக்காங்க.

பாளை பிசியோ:
விட வேண்டாம். ஓய்வுல இருதயம் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும். வேகநடையில அது ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், அதனால மேல் எண் ஏறத்தான் செய்யும். தசைக்குள்ள குழாய்கள் விரியுறதால கீழ் எண் அப்படியே நிக்கும், இல்லன்னா கொஞ்சம் இறங்கும். உழைப்பு கூடக்கூட மேல் எண் இறங்கினாத்தான் ஆபத்து. நெஞ்சுவலி, தலைசுத்தலோட அப்படி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

மைனிக்கு ஏன் கூடுதல்னா, பெண்ணோட இருதயம் சராசரியா சின்னது, ஒரு துடிப்புக்குத் தள்ளுற ரத்தமும் குறைவு. அண்ணனுக்குப் பாதி உழைப்பா இருக்கிற வேகம் மைனிக்கு முக்கால் உழைப்பா இருக்கலாம். இன்னொண்ணு ஈஸ்ட்ரோஜன். அது இருக்கிற வரைக்கும் ரத்தக்குழாய் இளகலா விரிஞ்சு குடுக்கும், அதனால இளவயசுல பெண்களுக்கு உச்ச அளவு ஆண்களை விடக் குறைவாத்தான் இருக்கும். மாதவிடாய் நின்னபிறகு குழாய் விறைக்குது, அந்த வித்தியாசம் போயிருது.

ட்ரெட்மில் டெஸ்ட்ல ஆணுக்கு 210, பெண்ணுக்கு 190 எட்டினா அளவுக்கு மிஞ்சின ஏற்றம்னு எடுத்துக்கிடுவாங்க. 178 அதுக்குள்ளதானேன்னு விட்டுராதீங்க, அது உச்ச உழைப்புக்கு உள்ள எல்லை. அதோட நடை நின்ன ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே அளவு சரசரன்னு இறங்கும். நின்னபிறகும் 178ன்னா வீட்டுல ஏழு நாள் காலையும் ராத்திரியும் எழுதிப் பாருங்க. சராசரி 135/85 தொட்டா டாக்டர்கிட்ட அந்தத் தாளோட போகணும். மைனி அவங்க வேகத்துலயே நடக்கட்டும்: பேச முடியணும், பாட முடியக்கூடாது.

நர்ஸக்கா:
முதல்ல அளந்த விதம் சரியான்னு பாருங்கப்பா. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேல ஏத்திட்டு அதுக்குக் கீழ பட்டையைக் கட்டுதாங்களா? சுருண்ட துணி கையை இறுக்கிப் பிடிச்சா அளவு தப்பும். கையைத் தொங்கவிட்டு எடுத்தாலும் கூடுதலாத்தான் காட்டும், நெஞ்சு மட்டத்துல மேஜை மேல கை இருக்கணும். ஓய்வு அளவுன்னா நடைக்குப் பிறகு அரை மணியாவது போகணும், காபி குடிச்சிருக்கக் கூடாது, சாய்ஞ்சு உக்காந்து அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணும். கைச் சுற்றளவையும் டேப் வச்சு அளந்துருங்க.

தாமிரபரணிக்கரை:
நடை முடிஞ்சதும் சட்டுனு நின்னுராதீங்க. விரிஞ்ச குழாயில ரத்தம் காலுக்கு இறங்கித் தேங்கிரும், கண்ணு இருட்டும். இது பெண்களுக்குத்தான் அதிகம், சித்திரை வெயில்ல இன்னும் மோசம். கடைசி 5 நிமிஷம் மெதுவா நடந்து முடிக்கணும்.

நடையை விட எனக்குப் பயம் 20 லிட்டர் தண்ணி கேன்தான். மூச்சை அடக்கித் தூக்கும்போது மேல் எண், கீழ் எண் ரெண்டும் சேர்ந்து எகிறும். தூக்கும்போது வாய் வழியா மூச்சை விட்டுக்கிட்டே தூக்கச் சொல்லுங்க, அண்ணனையும்தான்.

வண்ணாரப்பேட்டைவாசி:
நன்றி. மைனிக்குக் கைச் சுற்றளவு 35 செ.மீ. பட்டையில 22–32ன்னு போட்டிருக்கு.

நர்ஸக்கா:
அதான் பாத்தேன். பட்டை சின்னதா இருந்தா அளவு கூடுதலா காட்டும். அதே மெஷினுக்குப் பொருந்துற பெரிய பட்டை, 32–42ன்னு போட்டது, வாங்கி ஓய்வு அளவுல இருந்து எல்லாத்தையும் புதுசா எடுங்க. பழைய 178ஐ டாக்டர்கிட்ட சொன்னாலும் எந்தப் பட்டையில எடுத்ததுன்னு சேர்த்துச் சொல்லணும்.