மீன் ஏற்றிய பிக்கப் வண்டியை வாங்கலாமா?

கேள்வி – பண்ருட்டிக்காரன்
பலாப்பழமும் முந்திரிக்கொட்டையும் ஏற்றிப் புதுச்சேரிக்குப் போய்வர ஒரு பழைய டீசல் பிக்கப் தேடுகிறேன். கடலூர் முதுநகரில் 2017 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று பார்த்தேன். பி.ஒய். 01, அதாவது புதுச்சேரிப் பதிவு. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டியாம். மீட்டரில் 92 ஆயிரம் கிலோமீட்டர். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "மணப்பெண் மாதிரி இருக்கிறது, விட்டுவிடாதே" என்கிறார் மைத்துனர். அவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஒரு பம்ப்செட் வாங்கி அழுதவன் நான்.

பதில் – முதுநகர் பழைய ஓட்டுநர்
தம்பி, இருபது வருடம் மீன் வண்டி ஓட்டியவன் நான். அந்தக் கறுப்புப் பெயின்டைத்தான் முதலில் சுரண்ட வேண்டும். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர், தொட்டியின் இடுக்கு வழியாக இறங்கிச் சேஸியின் பின்பாதியில் தங்கிவிடும். பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேஸியோடு பிணைத்திருக்கும் இடத்தில் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்னும். அரித்தது 'பொத்' என்னும். என் முதல் வண்டியில் திருப்புளி முனை உள்ளேயே இறங்கிவிட்டது. பிடுங்கினால், காய்ந்த மீன் செதில் போலத் துரு உதிர்கிறது! பிரேக் குழாய்களையும் பாருங்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். சேஸி போனால் வண்டியே போனது.

பதில் – புதுச்சேரி மெக்கானிக்
அண்ணன் சொன்னது சரி. ஆனாலும் இன்ஜினை விட்டுவிடாதீர்கள். காலையில் சொல்லாமல் போய் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். புதுச்சேரிப் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். அங்குள்ள வரியும் தனி. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் செலவையெல்லாம் கழித்து விலை பேசுங்கள்.

பண்ருட்டிக்காரன்
இன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். பானட் சில்லென்றுதான் இருந்தது, இன்ஜினிலும் குறையில்லை. பட்டைப் பக்கம் தட்டினேன்: 'பொத்'. விற்பவர் உடனே டீ வாங்கி வரக் கிளம்பிவிட்டார். நானும் பஸ் ஏறிவிட்டேன். மைத்துனர் அதற்குள் நெல்லிக்குப்பத்தில் செங்கல் ஏற்றிய வண்டி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். அதில் எங்கே தட்ட வேண்டும்?