அம்மா ஏறியும் அணையாத விளக்கு

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூரிலுள்ள கண் மருத்துவரிடம் அம்மாவை மாதம் ஒருமுறை காரில் அழைத்துச் செல்கிறேன். முழங்கால் வலியால் பின்னால் ஏறி இறங்குவது சிரமம் என்பதால், அவருக்கு எப்போதும் முன் இருக்கைதான். ஒருநாள் வடுவூர் ஏரியைக் கடக்கும்போதுதான் கவனித்தேன்: முன்பயணியின் ஏர்பேக் (மோதலில் விரிந்து காக்கும் காற்றுப்பை) நிறுத்தப்பட்டிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு, அம்மா அமர்ந்திருந்தும் எரிந்துகொண்டிருந்தது.

பழுது என்று எண்ணிப் பணிமனைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தாமே அந்த இருக்கையில் அமர்ந்தார், விளக்கு அணைந்தது. பிறகு அம்மாவை உட்காரச் சொன்னார். அவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் சாய்ந்து, மேலே உள்ள கைப்பிடியைப் பற்றியபடி இருக்கையின் நுனிக்கு வந்தார். விளக்கு மீண்டும் எரிந்தது. மெத்தைக்கு அடியிலுள்ள சென்சார் அமர்ந்திருப்பவர் யார் என்று அறியாது, தன்மீது இறங்கும் எடையை மட்டுமே அறியும். அம்மாவின் எடையே 45 கிலோ. அதிலும் ஒரு பகுதியைக் கதவும் கைப்பிடியும் தரையும் தாங்கிக்கொண்டதால், மிச்சத்தை வைத்து அவரைக் குழந்தை என்று கணித்து ஏர்பேக்கை நிறுத்திவிட்டது. நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்திற்குள் விரியும் அந்தப் பை சிறு குழந்தையின் கழுத்தை முறித்துவிடக்கூடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

நான் போட்டிருந்த தடித்த சீட் கவரையும் மெக்கானிக் கழற்றச் சொன்னார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தை நிமிர்த்தி, அம்மாவின் மார்புக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம்விட்டு, பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின்மேல் அல்லாமல் இடுப்பெலும்பின்மேல் படியச் செய்ததும் விளக்கு அணைந்தது. "கலெக்டர் மாதிரி உட்கார வைத்துவிட்டாயே" என்று அம்மா முணுமுணுத்தார். இப்போதும் திருப்பத்தில் கை தானாகக் கைப்பிடிக்குப் போகிறது. விளக்கைப் பார்த்து நான்தான் நினைவூட்டுகிறேன்.

மேலே எழுதியவருக்கு, கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகரின் பதில்: எல்லாக் கார்களிலும் இந்த வசதி இருப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுவடை முடிந்து 25 கிலோ அரிசிச் சிப்பத்தை என் காரின் முன் இருக்கையில் வைத்தபோது, சீட் பெல்ட் போடச் சொல்லி மணி ஓயாமல் ஒலித்தது. எடையைத்தான் அறிகிறதே, குழந்தை அமர்ந்தால் ஏர்பேக்கைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்று நம்பி, நான்கு வயதுப் பேத்தியைச் சில நாட்கள் முன்னால் உட்கார வைத்தேன். பின்னர் கையேட்டைப் படித்தபோதுதான், அந்தச் சென்சார் பெல்ட் நினைவூட்டலுக்கு மட்டுமே என்பதும், யார் அமர்ந்தாலும் பை விரியும் என்பதும் தெரிந்து உடல் நடுங்கியது. நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்பயணி ஏர்பேக் கட்டாயம். ஆளை எடைபோட்டு அதை நிறுத்தும் வசதி அந்தக் கட்டாயத்தில் சேராது.

பேத்திக்குப் பின் இருக்கையில் குழந்தை இருக்கை பொருத்தியாயிற்று. ஏர்பேக் மூடியின்மேலேயே நான் ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரும், பை விரிந்தால் அமர்ந்திருப்பவர் முகத்தில் வந்து மோதுவார் என்பதால், இப்போது வீட்டுப் பூஜையறையில் இருக்கிறார்.