முதலில் துப்பாக்கியைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின், பக்கத்து ரைஃபிள் கிளப்பில் ஞாயிறு காலைகளில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கியதில் இருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை.

பிள்ளைகளால் எனக்குத் தொல்லையே இல்லை. குழல் எப்போதும் டார்கெட் பக்கம், சுடும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இரண்டு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மேட் எம்மன்ஸ் கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளின் டார்கெட்டில் சுட்டு, கைக்கு வந்த தங்கத்தை விட்ட கதையைச் சொன்னால் போதும், அதற்கப்புறம் டார்கெட் நம்பரைப் பார்க்காமல் ஒருத்தரும் சுடுவதில்லை. சிக்கல் கூட வரும் பெரியவர்களால்தான்.

ஒரு நாள் ஒரு மாணவியின் அப்பா, மேசையில் இருந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டு போட்டோவுக்காகத் திரும்பினார். குழல் நேராகப் பிள்ளைகள் பக்கம். நான் வாய் திறப்பதற்குள் அவர் மகளே "ஸ்டாப்!" என்று கத்திவிட்டாள். வரிசையில் எல்லோரும் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் அந்த வார்த்தையைச் சொல்லலாம், சொன்னது யார் என்று பார்க்காமல் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ரேஞ்சின் சட்டம்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஏர் ரைஃபிள்தானே சார், குண்டுகூடப் போடலையே" என்றார். காற்றழுத்தத்தில் போகும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான், சின்னக் குண்டுதான், ஆனால் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது, கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றேன். குண்டு இல்லை என்று வாயால் சொன்னால் நாங்கள் நம்புவதில்லை. குழல் முழுக்க ஓடி முனையில் எட்டிப் பார்க்கும் அந்த ஆரஞ்சுக் கம்பி, அதாவது சேஃப்டி ஃப்ளாக், தெரிய வேண்டும். போட்டிகளிலும் அது கட்டாயம். அவர் எடுத்த ரைஃபிளில் அது இல்லை, மகள் அப்போதுதான் உருவி வைத்திருந்தாள்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தார். பெல்லட் ஈயம் என்பதால், பிள்ளைகள் வடையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார்களா என்று பார்ப்பது இப்போது அவர் வேலை. தனக்கும் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பெரியவர்களுக்கென்று தனி பேட்ச் போட எனக்கும் ஆசைதான். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். என்.சி.சி., போலீஸ் என்று எதில் இருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, பக்கத்து கிளப்பில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.