வெல்பீயிங்குக்கு என்னங்க தமிழ்? வியாழக்கிழமைக்குள்ள வேணும்

தாம்பரம்:
எல்லாருக்கும் வணக்கம். கருவுல இருந்து கிழப்பருவம் வரைக்கும் மனுஷங்க எப்படி இருக்காங்கன்னு பாக்குற ஒரு பொதுசுகாதார ஆய்வு, அதோட ஒப்புதல் படிவமும் கேள்வித்தாளும் தமிழ்ல போட்டுக் குடுக்கணும், வியாழக்கிழமை எதிக்ஸ் கமிட்டிக்குப் போகுது. எல்லாம் முடிஞ்சுது, 'வெல்பீயிங்' மட்டும் நகர மாட்டேங்குது. 'நல்வாழ்வு'ன்னு போட்டேன். மூலத்தைப் பாக்காத ஒருத்தர்கிட்ட குடுத்து திரும்ப இங்கிலீஷாக்கச் சொன்னா 'ஹெல்த்'னு வந்து நிக்குது. அவர் மேல தப்பில்ல, மக்கள் நல்வாழ்வுத் துறைன்னாலே நமக்கு ஆஸ்பத்திரிதானே. போன வாரம் ராயபுரத்துல ஒரு பாட்டிகிட்ட ஓட்டிப் பாத்தோம், "உங்க நல்வாழ்வு பத்தி சில கேள்வி"ன்னு ஆரம்பிச்சதுமே உள்ள போய் பிஸ்கட் டப்பாவுல இருந்த பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டாந்து நீட்டி, "இன்னும் நாலுதான் இருக்கு, எழுதிக்கோ கண்ணு"ன்னுட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுலேர்ந்து நோட்டும் கையுமா யார் போனாலும் அதுக்குன்னுதான் நினைக்கிறாங்க. வெறும் 'நலம்'னாலும் உடம்பு பக்கமே சாயுது. என்ன போடலாம்?

மந்தைவெளி:
தேடவே வேண்டாம் அம்மா. வள்ளுவர் 738ல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்". நோயில்லாதது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூகம் மூன்றும் நன்றாயிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1946ல்தான் எழுதிற்று. இங்கே பிணியின்மை ஐந்தில் ஒன்று, அவ்வளவுதான். கடைசியில் நிற்கிற ஏமம், அதாவது பாதுகாப்பு, அதுதான் உங்கள் சொல். 'ஏமநிலை' என்று போடுங்கள். சேமம் என்பது க்ஷேமம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று அகராதி சொல்லும், இந்த ஏமத்தின் முன் சகரம் ஏறித்தான் சேமம் ஆயிற்று என்பது என் கட்சி. வேர் விளக்கம் நாளை விரிவாக எழுதுகிறேன்.

பெரம்பூர்:
ஐயா நாளைக்கு எழுதாதீங்க, பொண்ணுக்கு வியாழக்கிழமை வேணுமாம். அதே வள்ளுவர் 873ல ஏமுற்றவர்னா பித்துப் பிடிச்சவர்ங்கிறார், மனசு எப்படி இருக்குன்னு கேக்குற ஃபாரத்துல அதைப் போய் வைக்கலாமா? அதுவும் போக இன்னிக்கு ஜனங்களுக்கு ஏமன்னு ஆரம்பிச்சாலே ஏமாந்து போனதுதான் ஞாபகம் வரும், கையெழுத்து வேற கேக்குறோம், கதவைச் சாத்திடுவாங்க. என் ஓட்டு 'சௌக்கியம்'.

மந்தைவெளி:
வடசொல்.

பெரம்பூர்:
நீங்க யாரையும் சௌக்கியமான்னு கேட்டதே இல்லையா ஐயா?

மந்தைவெளி:
நலமா என்றுதான் கேட்பேன்.

அடையாறு:
சௌக்கியமான்னு கேட்டா சௌக்கியம்னுதான் பதில் வரும், அதான் சிக்கல். கிளினிக்ல நான் தினம் பாக்குறேன், எப்படி இருக்கீங்கன்னா ஒன்னு "நல்லாருக்கேன்", இல்லன்னா "ஏதோ இருக்கேன்". அந்த 'ஏதோ'வுலதான் எல்லாம் இருக்கு, ராத்திரி தூக்கமில்ல, பையன் போன் பண்றதில்ல, மூட்டுவலியில மாடிப்படி இறங்கியே மூணு மாசம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட அஞ்சு கேள்வி அளவுகோல் இருக்கே, கடைசி ரெண்டு வாரமா சந்தோஷமா இருந்தீங்களா, அமைதியா, சுறுசுறுப்பா, எழுந்திருக்கும்போது தெளிவா, பிடிச்ச விஷயங்களோட நாள் போச்சான்னு, ஒவ்வொன்னுக்கும் 0லேர்ந்து 5, மொத்தம் 25, அதை 4ஆல பெருக்கினா நூத்துக்கு எவ்வளவுன்னு வந்துடும். இதுல எந்தக் கேள்விக்குள்ளயும் 'வெல்பீயிங்'ங்கிற வார்த்தை வராது, கவனிச்சீங்களா? தலைப்புல என்ன வேணா வைங்க, பாட்டிகிட்ட கேக்குற வரியில வைக்காதீங்க.

தாம்பரம்:
ரொம்ப நன்றி டாக்டர். ஆனா தலைப்புக்கு ஒன்னு வேணுமே. இன்னொன்னு, 'ஆயுள் முழுவதும்'னு போட்டிருந்தேன், ஆயுள் தண்டனை மாதிரி இருக்குன்னு எங்க மேடம் சிரிக்கிறாங்க.

குரோம்பேட்டை:
'வாழ்நாள்'னு போடு தங்கச்சி. ஆனா கருவும் அதுல அடக்கம்னு எங்கயாவது ஒரு வரி சொல்லிடு, அது இல்லாம இந்த மாதிரி ஆய்வே கிடையாது. 1944-45 நெதர்லாந்து பஞ்சத்துல வயித்துக்குள்ள இருந்த பிள்ளைங்களை அம்பது வயசு வாக்குல சோதிச்சப்ப, அவங்க உடம்பு சக்கரையைச் சமாளிக்கத் திணறுச்சு. அம்மா பட்ட பட்டினி அம்பது வருஷம் கழிச்சு ரத்தத்துல தெரியுது. நம்ம ஆளுங்களும் பருவம் பிரிச்சாங்கதான், ஆனா உலாப் பாட்டுல வர்ற பொண்ணுங்களோட ஏழு பருவமும் பேதைன்னு 5 வயசுல ஆரம்பிச்சு பேரிளம்பெண்ணுன்னு 40ல முடிஞ்சிடும். மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்துக்காரங்க 2017-18ல நாடு பூரா 72,000 பேருக்கு மேல எடுத்த முதுமை ஆய்வு 45ல ஆரம்பிக்குது. நடுவுல அந்த அஞ்சு வருஷம் இலக்கியத்துக்கும் வேணாம் ஆய்வுக்கும் வேணாம், எனக்கு இப்ப அதே வயசுதான்.

மந்தைவெளி:
பேரிளம்பெண்ணுக்குப் பாட்டியல் இலக்கண நூல்கள் எல்லாம் ஒரே வயதுக் கணக்குச் சொல்வதில்லை. தனி இழையில் எழுதுகிறேன்.

அயனாவரம்:
'நல்லிருப்பு'?

பெரம்பூர்:
மளிகைக்கடை கோடவுன்.

அயனாவரம்:
அப்ப 'நன்னிலை'.

பெரம்பூர்:
நன்னிலத்துக்கு பஸ் ஏறுற மாதிரி இருக்கு. 'நலநிலை'ன்னா தேவலாம், அழகில்ல, ஆனா யாரும் பயப்பட மாட்டாங்க.

அடையாறு:
எனக்கு ஓகே.

குரோம்பேட்டை:
சரி.

தாம்பரம்:
அனுப்பிட்டேன். 'வாழ்நாள் நலநிலை ஆய்வு'. திருப்பி மொழிபெயர்த்தப்ப 'ஸ்டேட் ஆஃப் வெல்ஃபேர்'னு வந்துச்சு, சரியில்லதான், ஆனா ஹெல்த்னு வரல, எனக்கு இப்ப அது போதும். உள்ள எல்லா இடத்துலயும் 'நல்லா இருக்குறது'ன்னே விட்டுட்டேன்.

மந்தைவெளி:
ஏமத்தை விட்டது விட்டதுதான், என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் புணர்ச்சியையாவது கவனித்திருக்கலாம். வாழ்நாள், நலநிலை இரண்டும் சேர்ந்தால் ளகரம் கெட்டு நகரம் ணகரமாகும். 'வாழ்நாணலநிலை' என்பதே சரி.

பெரம்பூர்:
நாணல் பத்தின ஆய்வுன்னு நினைச்சுக்குவாங்க ஐயா.

மந்தைவெளி:
நாணலும் நல்ல தமிழ்ச்சொல்தான்.